ரேடார் என்று நினைத்த டக் டக்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் சிற்றலை ரேடியோவில் 40 மீட்டர் அலைவரிசைப் பட்டை முழுக்க ‘டக் டக்’ என்று சத்தம். 1976 முதல் 1989 வரை சிற்றலை ரேடியோக்களில் இதே மாதிரி தட்டும் சத்தத்தால் உலகத்தையே படுத்திய, செர்னோபில் பக்கத்து சோவியத் தூகா ரேடார் போல ஏதோ வந்துவிட்டதோ என்று சந்தேகம். ஆனால் அது வினாடிக்கு 10 துடிப்பு, இது கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் வினாடிக்கு ஒன்றுதான், அதோடு எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும் விடவில்லை. ஆன்டெனா கம்பியை மாற்றினேன், புதிதாக எர்த் போட்டேன், மெயினை அணைத்து பேட்டரியில் கேட்டேன், ம்ஹூம்.

தூறல் விழுந்தால் சத்தம் கூடியதுதான் துப்பு. சின்ன ஏஎம் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நடந்தேன். வினாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும் பக்கத்து வீட்டு மின்வேலியின் மூலையில், துருப்பிடித்த கம்பி முடிச்சருகே காதைக் கிழித்தது. இருட்டியதும் பார்த்தால் அங்கே நீலப் பொறி! அந்த அண்ணனிடம் சொல்லி, வேலியை அணைத்து, துருவைச் சுரண்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினோம். சத்தம் நின்றது.