பற்றீரியாவுக்குள் ஒரு நாட்கடிகாரம்: கணினியில் கட்டிப் பார்க்கும் முறை

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மலையக மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரம்பரையலகு மாற்றப்பட்ட பற்றீரியாவை வளர்ப்பதற்கு அனுமதியும் பாதுகாப்பு ஏற்பாடும் உள்ள ஆய்வுகூடம் வேண்டும். வீட்டில் அதைச் செய்யக்கூடாது. ஆனால் நாட்கடிகாரத்தை, அதாவது ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் புரத அலையை, வடிவமைக்கும் வேலையைக் கணினியில் தொடங்கலாம், அதற்கு எக்செல் போன்ற ஒரு விரிதாளே போதும். பைத்தன் தெரிந்தவர்களும் முதலில் விரிதாளிலேயே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் எண் அடுத்த எண்ணாக மாறுவதை வரிவரியாகக் கண்ணால் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஹட்டன் பக்கம் இணைய இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

முதலில் சுற்றை, அதாவது ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளின் தொகுதியை, தெரிவு செய்வோம். 2000 ஆம் ஆண்டில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ. கோலை பற்றீரியாவில் அமைத்த சுற்று தொடக்கத்துக்கு ஏற்றது. அதில் லாக்-ஐ புரதம் டெட்-ஆர் உற்பத்தியை அடக்கும், டெட்-ஆர் சி-ஐ உற்பத்தியை அடக்கும், சி-ஐ மீண்டும் லாக்-ஐ உற்பத்தியை அடக்கும்.

மூன்று தூது ஆர்.என்.ஏக்களுக்கும் மூன்று புரதங்களுக்குமாக ஆறு நிரல்கள் போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு சூத்திரங்கள் மட்டுமே வரும்:

புதிய தூது = பழைய தூது + 0.1 × (216 ÷ (1 + அடக்கும் புரதம்²) + 0.2 − பழைய தூது)

புதிய புரதம் = பழைய புரதம் + 0.1 × 0.2 × (பழைய தூது − பழைய புரதம்)

இங்கே 0.1 என்பது நேர அடி. 0.2 இரண்டு இடத்தில் வருகிறது: முதலாவது, முழுதாக அடக்கப்பட்ட பின்னும் கசியும் உற்பத்தி, இரண்டாவது, தூதுடன் ஒப்பிடும்போது புரதம் அழியும் வேகம். 3000 வரிகளுக்கு இழுத்துவிட்டு, மூன்று புரத நிரல்களையும் வரைபடமாக்குங்கள்.

பெரும்பாலானோர் நின்றுவிடும் இடம் அடுத்ததுதான். முதல் வரியில் ஆறு கட்டங்களிலும் பூச்சியத்தை இட்டுத் தொடங்கினால் அலையே வராது; மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, 6 என்ற அளவை ஒட்டிக் கிடையாக ஓடும். சூத்திரத்தில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று புரதங்களும் ஒரே அளவில் இருந்தால் ஒவ்வொன்றும் அடுத்ததைச் சமமாகவே அடக்கும். எதுவும் முந்துவதற்குக் காரணம் இல்லாததால் சமநிலை கலையாது. தூது மூன்றையும் பூச்சியத்தில் விட்டு, புரதங்களை மட்டும் 2, 1, 3 என மாற்றுங்கள். சிறு வேறுபாடு சுற்றுக்குச் சுற்று பெருகி, மூன்று அலைகளும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். உயிருள்ள கலத்தில் இந்தத் தொடக்க வேறுபாட்டை மூலக்கூறுகளின் தற்செயல் ஏற்றத்தாழ்வே தந்துவிடுகிறது.

அலை வந்ததும், சூத்திரத்தில் உள்ள வர்க்கத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். அலை தேய்ந்து அடங்கிவிடும். அடக்கும் புரதங்கள் கூட்டாகச் செயற்பட்டு, அடக்குதல் செங்குத்தாகக் கூடினால்தான் இச்சுற்று ஓயாமல் ஊசலாடும்.

இனி வெப்பநிலைச் சோதனை. இதைத் தவிர்த்துவிட்டு எதையும் நாட்கடிகாரம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு சூத்திரங்களிலும் 0.1 ஐ அடுத்து 2 ஆல் பெருக்குங்கள். 10 பாகை சூடு கூடும்போது உயிரிரசாயனத் தாக்கங்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகமாவதை இது காட்டும். அலையின் காலம் சரிபாதியாகும். பகலில் 20 பாகையை ஒட்டியிருந்து, சனவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே இறங்கும் நுவரெலியாவில் இத்தகைய கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சயனோபற்றீரியாவின் கை-ஏ, கை-பி, கை-சி புரதங்கள் இந்தச் சோதனையைத் தாண்டுகின்றன. இம்மூன்றையும் ஏ.டி.பி.யையும் குழாயில் கலந்தாலே, கை-சியில் பொஸ்பேற்று ஏறி இறங்கும் சுற்று ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நடப்பதை ஜப்பானில் தக்காவோ கொண்டோவின் குழுவினர் 2005 இல் காட்டினர். வெப்பநிலை மாறினாலும் அந்தக் காலம் பெரிதாக மாறவில்லை. கை-ஏ பொஸ்பேற்று ஏறத் தூண்டும்; ஏறி முடிந்ததும் கை-பி வந்து ஒட்டி, கை-ஏயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அப்போது இறக்கம் தொடங்கும். இந்தக் கடிகாரத்தை 2015 இல் பமீலா சில்வரின் குழுவினர் ஈ. கோலைக்குள் மாற்றி இயக்கினர். ஆகவே நாட்கடிகாரம்தான் உங்கள் இலக்கு என்றால், அடக்கும் சுற்றில் பழகிவிட்டு, கை புரதங்களுக்கு மாறுவதே என் பரிந்துரை.

பின்சேர்க்கை: புரதம் அழியும் வேகத்தைக் குறைத்தே 24 மணித்தியாலத்தை எட்டலாமே என்று சிலர் கேட்டிருந்தனர். விரிதாளில் புரதச் சூத்திரத்தின் 0.2 ஐக் குறைத்தால் காலம் நீளும் என்பது உண்மைதான். ஆனால் கலம் பிரியும்போதெல்லாம் புரதம் இரு மகட்கலங்களுக்கும் பங்கிடப்படுவதால், சிறிதும் சிதையாத புரதத்துக்கும் ஓர் அழிவு வேகம் இருந்தே தீரும். எலோவிட்ஸ், லைப்லர் சுற்றை 2016 இல் திருத்தி அமைத்தபோது அதன் காலம் ஏறத்தாழ 14 தலைமுறைகள். ஒரு தலைமுறைக்கு 100 நிமிடம் என்றால் அது 23 மணித்தியாலத்தைத் தாண்டும். ஆனால் ஊட்டம் கூடித் தலைமுறை 50 நிமிடமானால், அதே சுற்று 12 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.