ஃபிளாப்பி டிரைவ் இல்லாத மடிக்கணினிக்கு மீட்பு வட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 98 காலத்தில், எழுந்திருக்க மறுக்கும் கணினியை எழுப்புவதற்கு 1.44 எம்பி கொள்ளளவுள்ள ஒரே ஒரு ஃபிளாப்பி போதுமானதாக இருந்தது. மடிக்கணினிகளிலிருந்து முதலில் ஃபிளாப்பி டிரைவும், பிறகு டிவிடி டிரைவும் விடைபெற்றுவிட்டதால், அந்த வேலை இப்போது பென் டிரைவின் தலையில் விழுந்திருக்கிறது. மீட்பு வட்டு என்று ஒன்றைத் தயாரித்து அலமாரியில் பத்திரப்படுத்தியிருப்பவர்கள் பலர். தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காமல் போனால், பெரும்பாலும் தயாரிக்கும்போதே நேர்ந்துவிட்ட தவறுதான் காரணமாக இருக்கும்.

மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரால் அழைப்பதிலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. முதலாவது, பழுதுபார்க்கும் கருவிகளை மட்டும் கொண்டது. கணினியைத் தொடக்கி, தொடக்கக் கோளாறுகளைச் சரிசெய்ய முயலும், ஆனால் விண்டோஸை மீண்டும் நிறுவ அதனால் இயலாது. இரண்டாவது, கணினியில் இருக்கும் விண்டோஸின் கோப்புகளையும் சேர்த்து எழுதிய மீட்பு டிரைவ். மூன்றாவது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி உருவாக்கும் நிறுவல் டிரைவ். இதற்கு 8 ஜிபி போதும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மீட்பு டிரைவ் உருவாக்கும் செயலியைத் திறந்தால், கணினிக் கோப்புகளையும் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் முதல் திரையிலேயே இருக்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதிலுள்ள குறியை நீக்கிவிடுபவர்கள், இரண்டாவதைத் தயாரிப்பதாக எண்ணிக்கொண்டு முதலாவதைத் தயாரிக்கிறார்கள். குறியை விட்டுவைத்தால் குறைந்தது 16 ஜிபி தேவை. 32 ஜிபி பென் டிரைவ் வாங்குவதே நல்லது. இந்த மூன்றில் எதுவும் உங்கள் புகைப்படங்களையோ ஆவணங்களையோ காப்பாற்றாது, மீட்பு டிரைவிலிருந்து விண்டோஸை மீட்டால் கணினியில் இருப்பவையும் அழிந்துபோகும். அவற்றுக்குத் தனியாக ஒரு நகல் வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அனைத்தும் தயாரிப்பின்போது அழிக்கப்படும் என்பதால், குடும்பப் படங்கள் உள்ள வெளி ஹார்ட் டிஸ்கை இதற்குத் தேர்ந்தெடுப்பது விபரீதத்தில்தான் முடியும்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு வட்டின் பிம்பம்) அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து வைப்பது இன்னொரு பழைய பிழை. சிடி காலத்திலும் இதே பிழை நடந்தது. வட்டின் பிம்பமாக எழுதப்பட வேண்டிய ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பாக எழுதிவிட்டு, சிடியிலிருந்து கணினி தொடங்கவில்லை (பூட் ஆகவில்லை) என்று புலம்புவார்கள். ஐஎஸ்ஓவின் உள்ளடக்கத்தைப் பிரித்து நகலெடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கணினியைத் தொடக்கும் புதிய வகை மென்பொருளான யூஇஎஃப்ஐ உள்ள கணினிகள் எல்லாம் தயக்கமின்றிப் படிக்கும் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. விண்டோஸ் நிறுவல் தொகுப்பின் முதன்மைக் கோப்போ பல வேளைகளில் அதைவிடப் பெரியது. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியையோ ரூஃபஸ் போன்ற செயலியையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லையை அவையே பார்த்துக்கொள்ளும்.

தேவையான டிரைவரை (வன்பொருளை விண்டோஸ் அடையாளம் காண உதவும் மென்பொருள்) சேர்த்து வைக்காமல் விடுவது அடுத்த தவறு. அதற்கு ஒரு வரலாறே உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியின் நிறுவல் சிடியில், சாட்டா வகை டிஸ்குகளை இயக்கும் ஏஹெச்சிஐ முறைக்கான டிரைவர் கிடையாது. எனவே சாட்டா டிஸ்க் பொருத்திய புதிய மடிக்கணினிகளில் நிறுவல் பாதியிலேயே நீலத்திரையில் முடியும். தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி டிரைவரைத் தரலாம் என்றாலும், அதை ஃபிளாப்பியிலிருந்து மட்டுமே எக்ஸ்பி ஏற்றுக்கொண்டது. ஃபிளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினிக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவரை நிறுவல் சிடிக்குள்ளேயே சேர்த்து எழுதுவதும், பயோஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் திரை) டிஸ்க் முறையை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றுவதும்தான் அன்று இருந்த வழிகள். 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, யூஎஸ்பியிலிருந்தும் டிரைவரை ஏற்கத் தொடங்கியதும் இந்தப் பிரச்சினை தீர்ந்ததாகவே தோன்றியது.

ஆனால் 11ஆம் தலைமுறை இன்டெல் புராசசர்களுடன் அது வேறு வடிவில் திரும்பி வந்தது. டிஸ்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற வசதி இயங்கும் மடிக்கணினிகளில், நிறுவல் டிரைவ் சரியாகவே பூட் ஆகும். எந்த டிஸ்கில் நிறுவுவது என்று கேட்கும் திரையில் மட்டும் பட்டியல் வெறுமையாக இருக்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கக் கிளம்பும் முன், இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் கவனம் தேவை: நிறுவனத்தின் தளத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை இஎக்ஸ்இ கோப்பு, அதை நிறுவல் திரை திரும்பிக்கூடப் பார்க்காது. வேறொரு கணினியில் அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் எனப்படும் டிரைவர் விவரக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைப் பென் டிரைவில் வைத்தால்தான் வேலை நடக்கும். வைஃபை டிரைவரையும் அப்படியே பக்கத்தில் வைத்துவிடுங்கள். இணைய இணைப்பு இல்லாமல் நகர மறுக்கும் விண்டோஸ் 11இன் அமைப்புத் திரை, வைஃபை டிரைவர் இல்லாத கணினியில் உங்களை நடுவழியில் நிறுத்திவிடும்.

டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை மறந்துவிடுவது இவை எல்லாவற்றையும்விடக் கொடுமையானது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில், பயனர் கேட்காமலேயே டிஸ்க், சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். மீட்பு டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்கில் மாட்டிக்கொண்ட கோப்புகளை எடுக்க முயன்றால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நம்பகமான மென்பொருளிலிருந்து மட்டும் கணினியைத் தொடக்க விடும் செக்யூர் பூட்டைப் பயோஸில் அணைத்தாலும் அடுத்த தொடக்கத்தில் அதே கேள்வி வரக்கூடும். சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லே நினைவில் இல்லையென்றால் அதனால் பயனில்லை. சாவியை அதே மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்! தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைப்பதே சரி.

தயாரித்ததைச் சோதிக்காமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. பூட் பட்டியலுக்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9. விசையை அழுத்தும் நேரம் தவறிக்கொண்டே இருந்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுத்து, வரும் நீலப் பட்டியலில் சாதனத்தைப் பயன்படுத்து என்பதன் வழியாகப் பென் டிரைவுக்குச் செல்லலாம். விசைப்பலகையைத் தேர்வுசெய்யும் திரையும், அதையடுத்து மீட்புத் தெரிவுகளும் வந்துவிட்டால் டிரைவ் பூட் ஆகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி, எதையும் மீட்கச் சொல்லாமல் வெளியேறிவிட வேண்டும்.

ஒருமுறை செய்தது காலம் முழுக்க உதவும் என்று எண்ணவும் கூடாது. மீட்பு டிரைவை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக உருவாக்கும்படி மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், 11க்கு மாறியவர்களிடம் இருக்கும் பழைய டிரைவ் அவர்களை மீண்டும் 10க்கே கொண்டுபோய்விடும். எந்தக் கணினிக்காக, எந்த மாதத்தில், எந்தப் பதிப்பிலிருந்து தயாரித்தது என்பதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பென் டிரைவின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.