வெசாக் விடுமுறை: இரண்டு பகல், இரண்டு இரவு

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறைதான் என்றாலும், அதற்கு மறுநாளையும் சேர்த்து விடுமுறையாகப் பெறுவது, புத்தரை நினைவுகூரும் வைகாசிப் பௌர்ணமியான வெசாக் மட்டுமே. 2024ஆம் ஆண்டில் அது மே 23, 24ஆம் திகதிகளிலும், 2025இல் மே 12, 13ஆம் திகதிகளிலும் வந்தது. கொழும்பிலும் அதனைச் சூழ்ந்த நகரங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த இரண்டு நாட்களையும் இருவகையில் வீணாக்குவதைக் காண்கிறேன். ஒரு சாரார் தொலைக்காட்சிக்கு முன்னால் உறங்கி எழுகின்றனர். மற்றொரு சாரார் முதல் இரவே வீட்டிலுள்ள அனைவரையும் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நகரத்தின் எல்லா வெளிச்சங்களையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கப் புறப்படுகின்றனர். இரண்டாவதைத்தான் நான் கூடுதலான தவறு என்பேன். எங்கள் வீட்டாரும் ஓராண்டு அப்படிப் புறப்பட்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னால் நின்ற பேருந்தின் பின்புறத்தை மட்டுமே தரிசித்துவிட்டுத் திரும்பினோம்.

வெசாக் நடந்து பார்க்க வேண்டிய விழா. பல வீதிகள் மாலையானதும் வாகனங்களுக்கு மூடப்படும்; மூடப்படாத வீதிகளிலும் தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தல்களின் வரிசைகள் பாதி வழியை அடைத்து நிற்கும். ஆகவே ஓர் இரவுக்கு ஒரு பகுதி என்று முடிவு செய்துகொண்டு, அந்தப் பகுதியை முழுதாக நடந்து பார்ப்பதே முறை. வெளிச்சம் தோன்றுவது இருட்டிய பின்னர் என்பதால், பகலில் அலைந்து களைத்துவிடாமல், அந்த நேரத்தை வீட்டு வேலைக்கும் ஓய்வுக்கும் வெசாக் கூடு எனப்படும் தாள் விளக்கைக் கட்டுவதற்கும் வைத்துக்கொள்வது நல்லது.

முந்திய நாளிலேயே முடிக்க வேண்டியவை சில உள்ளன. போயா நாளில் மதுபானமும் இறைச்சியும் விற்கப்படுவதில்லை. வெசாக் காலத்தில் இந்தத் தடை பௌர்ணமி நாளுக்கு அப்பாலும் நீள்வதுண்டு என்பதால், அவ்வாண்டு அறிவித்தலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு கடைகள் பல பூட்டியிருக்கும். மரக்கறி, பால்மா, வழக்கமாக எடுக்கும் மருந்து ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி வைத்துவிட்டால் இரண்டு நாட்களும் கடை தேடும் கவலை இராது. ஊருக்குப் புகையிரதத்தில் போக எண்ணுபவர்கள் முன்பதிவு தொடங்கியவுடன் இருக்கையைப் பிடிக்காவிட்டால், வவுனியா வரை நின்றுகொண்டு போவதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதற்பகலில் செய்வதற்கு வெசாக் கூட்டைவிட உகந்த வேலை இல்லை. கடையில் வாங்கித் தொங்கவிடுவது எளிது. ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் கட்டுவதுதான் கொண்டாட்டம். சிங்களத்தில் ‘அட்டபட்டம’ எனப்படும் எட்டுப்பட்டைக் கூடு பார்வைக்குச் சிக்கலானது போலத் தோன்றினாலும், அதன் கணக்கு மிக எளியது. ஒரே நீளமுள்ள 24 மூங்கில் சிம்புகளை வெட்டிக்கொண்டு, நான்கு நான்காக நூலால் கட்டி ஆறு சதுரங்களைச் செய்யுங்கள். அவற்றுள் நான்கை, ஒவ்வொன்றும் ஒரு மூலை மேலும் ஒரு மூலை கீழுமாக நிற்கும்படி பிடித்து, பக்கத்து மூலைகளை ஒன்றோடொன்று கட்டினால் ஒரு வளையம் கிடைக்கும். ஐந்தாவது சதுரத்தின் நான்கு மூலைகளையும் வளையத்தின் மேல்மூலைகள் நான்குடன் கட்டுங்கள். ஆறாவதை அவ்வாறே கீழ்மூலைகளுடன் கட்டுங்கள். அவ்வளவுதான். சதுரங்களுக்கு இடையே, நீங்கள் தனியாக எதுவும் செய்யாமலே, எட்டு முக்கோணங்கள் தாமாகத் தோன்றிவிடும். கணித பாடத்தில் திண்மங்களைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு இந்த இடத்தில் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

சிம்பு 20 சென்ரிமீற்றர் நீளமாயின் கூடு ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் உயரமும், அதன் நடுவில் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 40 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டதாக அமையும். வாசலில் தொங்கவிட இந்த அளவு போதும். இதைவிடப் பெரிதாகக் கட்ட ஆசைப்படுபவர்கள் சிம்பைத் தடிப்பாக்காவிட்டால், தாள் ஒட்டியதும் சட்டகம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தாள் ஒட்டுமுன் சட்டகத்தைத் தரையில் வைத்து நான்கு புறமும் சுற்றிப் பாருங்கள். கோணல் இருந்தால் அப்போதே முடிச்சைத் தளர்த்தித் திருத்தலாம், தாள் ஒட்டிய பின்னர் திருத்த முடியாது.

தாளாக மெல்லிய, ஒளி ஊடுருவும் வண்ணத்தாளையே பயன்படுத்த வேண்டும். சதுரங்களுக்கு ஒரு நிறமும் முக்கோணங்களுக்கு வேறொரு நிறமும் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கூடு துலக்கமாக இருக்கும்; ஐந்தாறு நிறங்களைக் கலந்தால் இரவில் எதுவும் தனித்துத் தெரியாது. கோதுமை மாவில் காய்ச்சிய பசையைத் தாளில் பூசாமல் சிம்பில் பூசுங்கள். தாள் நனைந்தால் கிழியும். மேற்சதுரத்தை மூடாமல் விட வேண்டும். சூடு வெளியேறுவதற்கும் விளக்கை இறக்குவதற்கும் வழி அதுவே. அந்நாளில் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இன்றும் ஏற்றுபவர்கள் உண்டு. காற்று வீசும் மாடிவீட்டு முகப்பில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறாத சிறிய மின்குமிழே போதும், அதற்கான வயர் இணைப்பு மழை படாத இடத்தில் இருந்தால். கடைசியாக, அதே தாளில் வெட்டிய நீண்ட வால்களைக் கீழ்மூலைகளில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

பெரியவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் வாழ்பவர்களானால், கூடு காயும் நேரத்தில் தீபதுத்தமாராம விகாரை வரை ஒரு நடை போய் வரலாம். நாம் அன்றாடம் கடந்துபோகும் அந்த விகாரையில்தான் 1885 ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் நாளன்று, பௌத்த கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஏற்றியவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். இப்போது நாம் அனுபவிக்கும் வெசாக் விடுமுறையும் அந்த ஆண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. 1883இல் இதே கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் பின்னர், நீதி கோரி 1884இல் லண்டன் சென்ற அமெரிக்கரான ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் முன்வைத்த கோரிக்கைகளில் வெசாக் விடுமுறையும் ஒன்று. ஒரு சண்டையின் அடியிலிருந்து வந்த விடுமுறை இது என்பதை அறிந்து கொடியைப் பார்க்கும்போது, அதன் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் பட்டைகள் வேறு விதமாகத் தெரியும்.

முதல் இரவை உங்கள் வீட்டுக்கு அருகிலேயே கழியுங்கள். உங்கள் கூட்டை ஏற்றிவிட்டு, அயலவர் வீடுகளின் கூடுகளைப் பார்த்தபடி நடந்தால், இரண்டு மூன்று சந்திகளுக்குள் தன்சல் ஒன்று எதிர்ப்படாமல் இராது. தன்சல் என்பது வருவோர் அனைவருக்கும் விலையின்றி உணவோ பானமோ வழங்கும் இடம். சோறும் கறியும், அவித்த கடலை, தேங்காய்ச் சம்பலுடன் மரவள்ளிக்கிழங்கு, பாணும் பருப்பும், குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று இடத்துக்கு இடம் வேறுபடும். நம்மவர் சிலர் ‘வசதியிருந்தும் இலவசத்துக்கு வரிசையில் நிற்பதா’ என்று கூசி விலகிப் போவார்கள். அந்தக் கூச்சம் தேவையற்றது. கொடுப்பவர்கள் யார் ஏழை என்று பார்த்துக் கொடுப்பதில்லை. வாங்க ஆள் வருவதே அவர்களுக்குப் புண்ணியம். மணிமேகலைக் காப்பியத்தில், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கோமுகிப் பொய்கையிலிருந்து மேலெழுவது புத்தர் பிறந்த இதே வைகாசிப் பௌர்ணமியில்தான். பசிப்பிணி தீர்த்த அந்தப் பாத்திரத்தை அறிந்த நமக்குத் தன்சல் அந்நியமான வழக்கம் அன்று.

வரிசையில் இடையே நுழையாதீர்கள். உண்ண முடிந்த அளவே வாங்குங்கள். ஒரு குவளையைக் கையில் கொண்டு போனால் குப்பையும் குறையும். முடியுமாயின் நீங்களே ஒரு மணி நேரம் பரிமாறக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் இன்னும் இரண்டு கைகள் வேண்டியேயிருக்கும். உங்கள் ஒழுங்கையார் சேர்ந்து ஒரு தன்சல் நடத்த விரும்பினால், பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நீரையும் சமையலிடத்தையும் பார்ப்பார். முதன்முறை நடத்துபவர்களுக்குச் சோற்றைவிடக் கடலையோ தேநீரோ ஏற்றது, ஏனெனில் மே மாதச் சூட்டில் கறி விரைவில் பழுதாகும்.

இரண்டாவது பகலில், வெயில் ஏறுமுன், களனி விகாரைக்குப் போய்வரலாம். புத்தரின் பிறப்பு, ஞானம், பரிநிர்வாணம் ஆகிய மூன்றையும் வெசாக் நினைவுகூர்வதை எல்லோரும் அறிவர். அவர் மூன்றாவது முறையாக இலங்கைக்கு, களனிக்கு, வந்ததும் ஒரு வெசாக் நாளிலேயே என்பது மகாவம்ச மரபு. சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களுக்காகவே அங்கு ஒருமுறை போகலாம். உடை வெள்ளையாக இருந்தால் நன்று. எந்நிறமாயினும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பையும் தொப்பியையும் வெளியே கழற்றிவிட்டு, தாதுகோபம் எனப்படும் தூபியை வலமாகச் சுற்றுங்கள். முகர்ந்த பூவைப் படைக்கலாகாது என்பது நமது கோயில் வழக்கமும் ஆகையால் சொல்லித் தரத் தேவையில்லை. நம்மவர் பெரும்பாலும் தவறுவது படம் எடுப்பதில்தான்: புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுப்பது இங்கு கடும் அவமரியாதையாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளை உடுத்து நிலத்தில் அமர்ந்திருப்பவர்கள் ‘சில்’ எனப்படும் நோன்பை அனுஷ்டிப்பவர்கள்; நண்பகலுக்குப் பின் திட உணவு கொள்ளாமல் அன்றைய பொழுதைத் தியானத்திலும் ‘பண’ எனப்படும் பௌத்த அறவுரை கேட்பதிலும் கழிப்பார்கள். அவர்கள் நடுவே உரத்துப் பேசிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது இரவு கங்காராம விகாரைக்கும் பேர வாவிக்கும் உரியது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த, அவ்விகாரைக்குரிய சீமாமாலக மண்டபம் நீரின் மேல் நிற்க, கரையெங்கும் எரியும் கூடுகள் வாவியில் இன்னொரு முறை எரியும். அங்குள்ள அலங்காரங்கள் பல இரவுகள் நீடிப்பது வழக்கமாதலால், மழை பெய்தால் மனம் உடையாமல் மறுநாளுக்குத் தள்ளிப்போடுங்கள். தென்மேல் பருவமழை தொடங்கும் காலம் இது. மாலை மழை ஏறத்தாழ உறுதி. குடை கூட்டத்தில் இடைஞ்சல், மழையங்கியே வசதி. சிறு பிள்ளைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதிய துண்டை வைத்துவிட்டு, தவறினால் எங்கே சந்திப்பது என்பதையும் புறப்படுமுன் முடிவு செய்யுங்கள். நனைந்த கம்பத்தையோ தொங்கும் வயரையோ எவரும் தொட வேண்டாம்.

வழியில் ஒரு தோரணமாவது நிற்கும். ஆயிரக்கணக்கான வண்ணக் குமிழ்கள் ஓடி ஓடி எரிய, அவற்றின் நடுவே வரையப்பட்ட படங்கள் ஒரு ஜாதகக் கதையை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதையை, சொல்லும். ஒலிபெருக்கியில் அக்கதை சிங்களக் கவியாகப் பாடப்படும். வெளிச்சத்தை மட்டும் பார்ப்பவர் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார். கதை தெரிந்தவர் அரை மணி நேரம் நிற்பார். எந்தக் கதை என்பதை அங்கு நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். சிபியின் கதையாக இருந்துவிட்டால் சுவை கூடும்: புறாவுக்காகத் தசையை அறுத்த சிபியை நாம் அறிவோம், ஜாதகத்தின் சிபியோ கண்ணிழந்த ஒருவனுக்குத் தன் கண்களையே கொடுக்கிறான்.

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருப்பவர்கள் நயினாதீவை எண்ணிப் பார்க்கலாம். குறிகாட்டுவானிலிருந்து படகேறினால், நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும் ஒரே நாளில் தரிசிக்கலாம். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இத்தீவே என்று கருதுவோரும் பலர். வெசாக் அன்று தென்பகுதியிலிருந்தும் மக்கள் திரள்வதால் காலைப் படகிலேயே சென்று, கடைசிப் படகை நம்பாமல் முன்னதாகத் திரும்பிவிடுங்கள்.

கூட்டை அடுத்த கிழமையே இறக்கிவிடுவது நல்லது. மழையில் சாயம் கரைந்து வடியும் கூடு வாசலுக்கு அழகன்று. தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தெடுத்துவிட்டு, மூங்கில் சட்டகத்தை நிழலில் உலர்த்துங்கள். மேல், கீழ்ச் சதுரங்களின் முடிச்சுகளை மட்டும் அவிழ்த்தால் வளையம் தட்டையாக மடிந்து அலுமாரியின் பின்னால் அடங்கும். அடுத்த வெசாக்குக்குத் தாளும் பசையும் மாத்திரம் வாங்கினால் போதும்.