பிடித்த கலைப்படைப்புகளைத் தேர்ந்தெடுக்கையில் எங்கே சறுக்குகிறோம்?

பல நூற்றாண்டுகளிலிருந்து தனக்குப் பிடித்த படைப்புகளைப் பட்டியல் போட உட்காரும் ஆள், பெரும்பாலும் முதலில் அளவு டேப்பைத்தான் எடுக்கிறார். குமரி மாவட்டத்தில் இந்தச் சபலம் கொஞ்சம் அதிகம். கடலுக்குள் 133 அடி வள்ளுவர், சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயர், திருவட்டாறில் 22 அடி ஆதிகேசவப் பெருமாள். மூன்றையும் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஏன் பிடித்தது என்று கேட்டால் அடிக்கணக்கைச் சொல்லாதீர்கள். திருவட்டாறில் மண், பிசின், மூலிகைகள் சேர்ந்த கடுசர்க்கரைக் கலவையால் ஆன திருமேனியை ஒரே பார்வையில் பார்க்க முடியாது; மூன்று வாசல் வழியாகப் பகுதி பகுதியாகத்தான் பார்க்க வேண்டும். மீதியை மனசுதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த வேலைதான்.

அடுத்து, கோயிலின் வயதை அதிலுள்ள எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுவது. சுசீந்திரத்தில் பழைய கல்வெட்டுகள் உண்டு. ஏழு நிலைக் கோபுரமோ 19ஆம் நூற்றாண்டில்தான் நிறைவுபெற்றது. எந்தப் பகுதி எப்போது வந்தது என்று கேட்காமல் ‘ஆயிரம் வருஷப் பழசு’ என்று எழுதினால் பட்டியலே குளறுபடியாகும்.

செய்தவர் பெயர் தெரியாததை ஒதுக்குவது இதைவிடப் பெரிய நஷ்டம். சிதறால் மலைக்கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் என்ற சமணப் பெரியோர்கள், பக்கத்தில் சமணப் பெண் தெய்வமான அம்பிகை. 9ஆம் நூற்றாண்டு வேலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில், பொன் கொடுத்த குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண் துறவியின் பெயர்கூட இருக்கிறது. உளி பிடித்தவர் பெயர்தான் பிரபலமாகவில்லை. அதற்காக அந்த உருவங்களை விட முடியுமா? உச்சி வெயிலில் ஏறி, போட்டோ எடுத்து, உடனே இறங்கிவிடவும் கூடாது. வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் புடைப்புச் சிற்பத்தின் மேடுபள்ளம் துலங்கும்.

கதையை விரும்புகிறோமா, பொருளையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பற்றி எல்லோரும், எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும் அதன் சங்கிலி வித்தையையே பேசுவார்கள். அண்ணாந்து மேற்கூரையில் விதவிதமாகச் செதுக்கிய மரப் பூக்களைப் பார்ப்பவர் குறைவு. என் ஓட்டு பூக்களுக்குத்தான்.

நூற்றாண்டுக்கு ஒன்று என்று இடஒதுக்கீடு வைக்காதீர்கள்; ஒரே நூற்றாண்டில் மூன்று பிடித்தால் மூன்றும் இருக்கட்டும். அப்புறம், அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.