மூன்று மாதச் சீனி அறிக்கையை வாசிக்கும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் ஆய்வுகூடத்துக்குப் போய் மூன்று மாதச் சீனி பார்க்க வேண்டும் என்றால், எச்பிஏ1சி பரிசோதனைக்கே குருதி எடுப்பார்கள். குருதியிலுள்ள குளுக்கோசு செங்குழியத்தின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால், ஏறத்தாழ 120 நாளில் அக்குழியம் அழியும்வரை அதிலேயே இருக்கும்; அவ்வாறு ஒட்டிய பங்கு எத்தனை சதவீதம் என்பதையே அறிக்கை சொல்கிறது. ஆகவே இதற்கு வெறுவயிற்றில் போகத் தேவையில்லை. பரிசோதனைக்கு முந்திய மூன்று நாள் சோற்றைக் குறைத்து, பிளேன்ரீயைச் சீனியில்லாமல் குடித்துவிட்டுப் போவதாலும் (நம்மில் பலர் செய்கிற வேலைதான்) எண் பெரிதாக இறங்கிவிடாது.

எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்திய நிலை. வெறுவயிற்றுச் சீனிக்கு நீரிழிவு எல்லை ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம். கடும் தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு போன்ற அறிகுறிகள் இல்லாதவருக்கு ஒரேயொரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முடிவுகட்டலாகாது. உங்கள் அறிக்கையில் எச்பிஏ1சி 6.6 என்றும் வெறுவயிற்றுச் சீனி 118 என்றும் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டிய பரிசோதனையையே, அதாவது எச்பிஏ1சியையே, மறுபடி செய்ய வேண்டும். அது திரும்பவும் 6.5ஐத் தொட்டால், மற்றையது 126க்குக் கீழே நின்றாலும் அது நீரிழிவுதான்.

எச்பிஏ1சி எண் ஏமாற்றுகிற இடம் குருதியே. இரும்புச்சத்துக் குறைவால் வந்த குருதிச்சோகை அதை உயர்த்திக் காட்டக்கூடும். செங்குழியங்கள் விரைவில் அழிகிற நோயும் அண்மைய குருதியிழப்பும் தாழ்த்திக் காட்டும். குருதி ஏற்றியவர்களிடமும் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ளவர்களிடமும் இதை அப்படியே நம்ப முடியாது. எனவே எஃப்பிசி என்ற முழுக் குருதி எண்ணிக்கை அறிக்கையையும் சேர்த்து வைத்தியரிடம் காட்டுங்கள்; சோகை இருப்பது தெரிந்தும் அதைச் சொல்லாமல் விடுவது, என் பார்வையில், பரிசோதனைக் காசை வீணாக்குவதுதான். கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிய இது போதாது. அதற்குக் குளுக்கோசு கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

மருந்து தொடங்கியபின் ஒரு மாதத்திலேயே மறுபடி எடுத்தால் பழைய குழியங்களின் கணக்கும் கலந்தே வரும். மூன்று மாதம் பொறுத்து, இயன்றவரை அதே ஆய்வுகூடத்தில் எடுத்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.