டார்டபிக் இறக்கத்தின் 30 லாக்குகளை ஒரே நாளில் கடப்பது எப்படி?

இங்கிலாந்தின் வூஸ்டர் – பர்மிங்காம் கால்வாயில், டார்டபிக் என்னும் சிற்றூரிலிருந்து ஸ்டோக் பிரையர் வரை ஏறத்தாழ 2¼ மைல் தொலைவுக்குள் 30 லாக்குகள் அடுத்தடுத்து நின்று படகை 220 அடி கீழே இறக்குகின்றன. லாக் என்பது இரு முனையிலும் கதவுகள் கொண்ட ஒடுங்கிய தொட்டி. அதில் நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குவார்கள். சுமார் 7 அடி அகலமே உள்ள இத்தொட்டிகளுக்குள் நுழைவதற்காகவே நாரோபோட் என்னும் ஒடுங்கிய நீண்ட கால்வாய்ப் படகு 6 அடி 10 அங்குல அகலத்தில் கட்டப்படுகிறது.

மூவர் இருந்தால் நலம்: ஒருவர் சுக்கான் பிடிக்க, ஒருவர் மதகுகளைத் திருப்ப, மற்றவர் முன்னே நடந்து அடுத்த லாக்கை நிரப்பி வைக்கலாம். அப்படிச் செய்தாலும் நான்கு மணி நேரமாவது ஆகும் என்பதால் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். முன்னே செல்பவர், கீழிருந்து படகு ஏதும் ஏறி வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்தால், காலியாக இருக்கும் லாக்கை அதற்கு விட்டுவிடுவதே முறை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மேலிருந்து ஏறத்தாழ 1 இலட்சம் லிட்டர் நீர் இறங்குகிறது. அதை வீணாக்கக் கூடாது.

நிரம்பிய லாக்குக்குள் படகு நுழைந்ததும் மேல் கதவைச் சாத்தி, அதன் மதகுகள் முழுவதும் மூடியிருப்பதை உறுதிசெய்த பிறகே கீழ் மதகுகளைத் திறக்க வேண்டும். மதகுப் பலகையை உயர்த்த விண்ட்லாஸ் என்னும் வளைந்த இரும்புக் கைப்பிடி உதவும். பற்சக்கரத்தில் தடுப்புக் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கையை எடுக்காதீர்கள்; திருப்பி முடித்ததும் விண்ட்லாஸைக் கழற்றிவிடுங்கள், இல்லையெனில் சக்கரம் நழுவும்போது அது சுழன்று எலும்பையே முறித்துவிடும்.

இறங்கும்போது பெரிய ஆபத்து படகின் பின்பக்கத்தில் இருக்கிறது. மேல் கதவின் அடியில் சில் எனப்படும் கல்படி ஒன்று தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் நிறைந்திருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. பின்முனை அதன்மேல் சிக்கினால், நீர் வடிய வடிய முன்முனை மட்டும் தாழ்ந்து, சிறிது நேரத்திலேயே படகு மூழ்கிவிடக்கூடும். ஆகவே சுக்கான் பிடிப்பவர், சுவரில் சில்லின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோட்டைப் பின்முனை தாண்டி முன்னே இருக்கும்படி படகை நிறுத்தி, நீர் வடிந்து முடியும் வரை வேறெங்கும் பார்க்காமல் இருக்க வேண்டும். கயிற்றைத் தூணில் முடிச்சிட்டுக் கட்டக் கூடாது. இறங்கும் படகு அதில் தொங்கிவிடும். சிக்கிக்கொண்டது தெரிந்த நொடியே கீழ் மதகுகளை மூடச் சொல்லிக் குரல் கொடுங்கள். அதன் பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்தால் நீர் ஏறிப் படகு மிதந்துவிடும்.

படகு வெளியேறியபின் கதவுகளையும் மதகுகளையும் மூடிச் செல்லுங்கள். இங்கே லாக்குகளுக்கிடையே உள்ள நீர்ப்பகுதிகள் குறுகியவை. திறந்தே விட்ட ஒரு மதகு அவற்றில் ஒன்றை வடித்துவிடப் போதும்.

புறப்படும் முன் மேல் லாக்கின் அருகே சற்று நில்லுங்கள். 1941 முதல் 1946 வரை எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் தம் கிரெஸி என்ற படகில் இங்கேதான் வாழ்ந்தார். 1945இல் மற்றோர் எழுத்தாளரான ராபர்ட் ஐக்மன் அவரை இங்கு வந்து சந்தித்ததன் பயனாக, மறு ஆண்டு உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றியது. கைவிடப்பட்டுக்கொண்டிருந்த கால்வாய்களைக் காக்க அச்சங்கம் நெடுங்காலம் போராடியது.