பாஷ் ஃபார் லூப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஷ் என்பது லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். புதிதாக ஷெல் ஸ்கிரிப்ட் எழுத வருபவர்களின் லூப்பைப் பார்த்துத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. ஒரு காலத்தில் நாங்கள் விழுந்த குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். லூப்பை முடிக்கும் 'டன்' போட மறந்தால் பாஷே கத்தி நிறுத்திவிடும், அதை விடுங்கள். சத்தமில்லாமல் ஓடி முடிந்து சேதம் செய்பவைதான் எனக்குக் கவலை.

எல்எஸ் தருவதை லூப்பில் சுற்றுவது

ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: டாலர் குறி, அடைப்புக்குறி, உள்ளே ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ். ஃபைல் பெயரில் ஸ்பேஸ் இல்லாதவரை ஒழுங்காகவே ஓடும்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் பழைய ஃபைல்களை அழிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். எல்எஸ் தருவதை கிரெப் மூலம் வடிகட்டி, 'பழையது' என்று வருவதை மட்டும் லூப்பில் ஆர்எம் கட்டளையால் அழிப்பது. ஃபோல்டரில் இருந்தவை 'கணக்கு', 'கணக்கு பழையது'. கிரெப் சரியாக இரண்டாவதை மட்டுமே கொடுத்தது. ஆனால் டபுள் கோட்ஸ் இல்லாமல் வருவதை பாஷ் ஸ்பேஸ், டேப், புதுவரி மூன்றிலும் வெட்டும். எங்கே வெட்டுவது என்று சொல்லும் ஐஎஃப்எஸ் வேரியபிளின் இயல்பான மதிப்பு அதுதான். லூப் இரண்டு முறை சுற்றியது. முதல் சுற்றில் 'கணக்கு' அழிந்தது. அடுத்த சுற்றில், 'பழையது' என்று ஃபைலே இல்லை என்றது ஆர்எம். அந்தச் செய்தியும், எதை அனுப்பினாலும் மறைந்துவிடும் டெவ் நல்லுக்குப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. போக வேண்டியது இருந்தது, இருக்க வேண்டியது போய்விட்டது. முந்தைய நாள் பேக்கப் இருந்தது. அன்றைய பதிவுகள் போனவை போனவைதான்.

சரியான வழி இதைவிடச் சின்னது என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். எல்எஸ்ஸும் வேண்டாம், கிரெப்பும் வேண்டாம். 'இன்' பக்கத்தில் புள்ளி, சாய்கோடு, நட்சத்திரக் குறி, அதை ஒட்டி 'பழையது'. பெயர்களை பாஷே விரித்துக் கொடுக்கும்; அப்படி விரித்ததை மறுபடி வெட்டாது. முன்னால் புள்ளியும் சாய்கோடும் இருப்பதால், ஹைஃபனில் தொடங்கும் பெயரை ஆர்எம் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளாது.

இவ்வளவு செய்துவிட்டு, உள்ளே ஆர்எம்முக்கு வேரியபிளை டபுள் கோட்ஸ் இல்லாமல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே மறுபடி வெட்டு விழும், அதே 'கணக்கு' மறுபடி அழியும். ஐஎஃப்எஸ்ஸைப் புதுவரிக்கு மட்டும் மாற்றிச் சமாளிப்பதும் தீர்வல்ல. லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் புதுவரியே வரலாம்.

அழிக்கும் லூப்பில் முதலில் ஆர்எம்முக்கு முன்னால் எக்கோ போட்டு, அழிக்காமல் அச்சிட்டு மட்டும் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் கோட்ஸ் விட்டுப்போன வரி எக்கோவில் சரியானது போலவே தெரியும்: இரண்டு துண்டுகளையும் நடுவில் ஸ்பேஸ் வைத்து அது ஒட்டிக் காட்டிவிடும். பிரிண்ட்எஃப் வைத்து ஒவ்வொரு ஆர்கியுமென்ட்டையும் தனி வரியில் அச்சிடுங்கள், வெட்டு அப்போதுதான் தெரியும். ஷெல்செக் கருவியும் இந்த இரண்டு தவறுகளையும் பிடித்துக் காட்டும்.

பொருந்தும் ஃபைல் ஒன்றுமே இல்லாதபோது

லூப் ஓடாமல் இருக்காது. நட்சத்திரக் குறியோடு அந்த எழுத்துகளையே ஃபைல் பெயராக எடுத்துக்கொண்டு ஒருமுறை ஓடும். பாஷில் நல்கிளாப் என்ற ஆப்ஷனை ஆன் செய்யுங்கள், அப்போது ஓடாது.

நெளி அடைப்புக்குள் வேரியபிள்

ஒன்று முதல் இத்தனை வரை என்று நெளி அடைப்புக்குள் எண் வரிசை கொடுக்கும்போது, முடிவு எண்ணுக்குப் பதில் வேரியபிள் போட்டால் விரியாது. சி மொழியின் பாணியில் ஃபார் எழுதுங்கள்.

ஃபைலை வரிவரியாகப் படிக்க ஃபார்

வேண்டாம். அது வரி தராது, சொல் தரும். வைல் ரீட் அதற்காகவே இருக்கிறது. ஆனால் கேட் செய்து பைப் வழியாக வைலுக்குள் அனுப்பாதீர்கள். பைப்புக்குப் பின்னால் இருப்பது சப்ஷெல்லில், அதாவது ஷெல்லின் தனிப் பிரதியில், ஓடும். உள்ளே ஏற்றிய கவுன்ட்டர் லூப் முடிந்ததும் பழையபடி 0 என்று நிற்கும். 'டன்' பக்கத்தில் இன்புட் ரீடைரெக்ட் குறி போட்டு ஃபைலைக் கொடுங்கள்.